தறிக்கும் இறை, செக்குக்கும் இறை

மன்னராட்சியில் மக்கள் வரித்தொல்லை அறியாது வாழ்ந்தனர் என்று மார்தட்டுவோர், கோயிற் சுவர்களைச் சற்றே படித்துப் பார்க்கட்டும். தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம்! சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் காட்டும் வரிகள் இவை. குயவனும் தப்பவில்லை, பல்லவர் செப்பேட்டில் அவனுக்கொரு குசக்காணம். இவற்றை நாம் இன்று அறிவது எவ்வாறு? பிரமதேயத்துக்கும் தேவதானத்துக்கும் மன்னர் வரிகளை விட்டுக்கொடுத்தபோது எழுதி வைத்த பட்டியல்களால்தான் பெரிதும் அறிகிறோம். நெய்தவனுக்கு விலக்கில்லை, வரி போய்ச் சேருமிடமே மாறியது.

1801-இல் மதுரைச் சீமை கும்பெனியார் கைக்கு வந்தது. நவாபு காலத்து மொகதர்பா வரியை அவர்கள் விடுவார்களா? நெசவாளர், தச்சர், கன்னார், தெருவோரம் கூடை வைத்து விற்போர் அனைவர் மீதும் அது விழுந்தது. ஆதாயத்தின் மீதன்று, தோழர்களே, தொழிற்கருவியின் மீது! துணி விலைபோகாவிடினும் தறிக்குரிய வரி நின்றது. லங்காசயர் ஆலைத்துணி சந்தையை நிறைத்த காலமும் அதுவே. வரி தண்டக் கிட்டியும் அண்ணாந்தாளும் கையாளப்பட்டதை 1855-இல் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவே ஒப்புக்கொண்டது.

1852-இல் காஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் சென்னைச் சுதேசிச் சங்கம் இவ்வரியை எதிர்த்துப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு விடுத்தது. 1860-இல் வருமான வரி பிறந்தது. அடுத்த ஆண்டே மொகதர்பா மறைந்தது.

இன்று மதுரை மாநகராட்சி அரையாண்டுதோறும் தண்டுவது தொழில்வரி. அரசியற் சட்டத்தின் 276-ஆம் பிரிவு ஆண்டுக்கு 250 ரூபாய் என்று வரம்பு கட்டியது. 1988-இல் அது 2,500 ஆயிற்று. கோடி ஈட்டுவோரும் அதற்குமேல் செலுத்துவதில்லை.