தொழிலறிமுகம், தொடக்கப் பள்ளியில் (தமிழ்நாடு)

சிறு பிள்ளைகளுக்கு உழைப்பையும் தொழில்களையும் பள்ளி வழியாகப் பழக்கும் முயற்சி தமிழ்நாட்டில் பல வடிவங்களில் நடந்துள்ளது. தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்த ஆதாரக் கல்வி பெரிய எதிர்ப்பின்றி வந்து ஓசையின்றித் தேய்ந்தது. பிள்ளையைத் தொழிலிடத்துக்கு அனுப்பிய 1953-ஆம் ஆண்டுத் திட்டமோ ஓர் அமைச்சரவையையே அசைத்தது.

திண்ணைப் பள்ளி

ஆங்கிலேயர் முறைப் பள்ளிகள் பரவுமுன் ஊர்களில் இருந்த திண்ணைப் பள்ளிகளில் பையன்கள் மணலில் விரலால் எழுதியும் ஓலையில் எழுத்தாணியால் கீறியும் படித்தனர். படிப்பில் பெரும்பகுதி கணக்கு. எண்சுவடியை வாய்பாடாக ஒப்பிப்பதோடு பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவையும் இருந்தன. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) ஆகிய கீழ்வாய் எண்களை முன்னது பழக்கியது. ஆழாக்கு, உழக்கு, நாழி, குறுணி என்று ஏறும் நெல் அளவைகளைப் பின்னது பழக்கியது. களத்தில் நெல் அளக்கவும் நிலவரி பார்க்கவும் கடைக்கணக்கு எழுதவும் வேண்டிய கல்வி இது. தேறிய பையன் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாகப் போகலாம்.

உழவு, நெசவு, தச்சு, மண்பாண்டம் முதலிய கைத்தொழில்களைத் திண்ணை கற்பிக்கவில்லை. அவை வீட்டிலும் பட்டறையிலும் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சென்றன. வாழ்வோடு ஒட்டிய கல்வி என்று இம்முறையைப் போற்றுவோர் உண்டு. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பெரும்பாலான திண்ணைகளில் ஏறவே முடியாது. அவர்களுக்கு வாழ்வு இருந்தது, கல்விதான் இல்லை.

ஆதாரக் கல்வி

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த கருத்து இது: ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து. பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவில் தஞ்சாவூரில் பிறந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவும் இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் இருந்தனர். ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷா தேவியும் பின்னர் சேவாகிராமத்தில் இக்கல்வியை நடத்தினர். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் இதை ஏற்றது.

குழு வகுத்த நாள் அட்டவணை 5 மணி 30 நிமிடம். அதில் கைத்தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம். இசை, ஓவியம், கணிதம் மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம், தாய்மொழிக்கு 40, சமூகக் கல்விக்கும் பொது அறிவியலுக்கும் 30, உடற்பயிற்சிக்கு 10, இடைவேளைக்கு 10. கணக்கு, நூல் நூற்கும் சிறு கதிரான தக்ளியிலிருந்தே பிறக்கும் என்பதால் இந்த ஒதுக்கீடு போதும் எனக் கருதினர். பிள்ளை நூற்ற நூலை நான்கு அடிச் சுற்றாகச் சுற்றி எண்ணும். 160 சுற்று கால் சிட்டம் (நூற்கட்டு), 640 சுற்று முழுச் சிட்டம். எண்ணல், பெருக்கல், பின்னம், எடை எல்லாம் இதில் அடங்கும். பஞ்சு விளையும் மண்ணைப் பற்றிப் பேசினால் அது புவியியல். நெசவு சரிந்த கதையைச் சொன்னால் அது வரலாறு.

பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியர் ஊதியத்தை ஈட்டலாம் என்ற பகுதியைப் பொருளியலறிஞர் கே. டி. ஷா வார்தாவிலேயே எதிர்த்தார். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது: பிள்ளை நூற்ற நூலால் ஆசிரியர் ஊதியம் பெரும்பாலும் ஈடாகவில்லை.

சென்னை மாகாணத்தில் 1946 முதல் 1949 வரை கல்வியமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் இம்முறைக்கு ஊக்கம் தந்தார். சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளப்பட்டி அருகே நிறுவிய காந்திகிராமமும், தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனும் இதன் தமிழக நிலைக்களங்கள். இங்கெல்லாம் எந்த வீட்டுப் பிள்ளையானாலும் ஒரே தக்ளியைச் சுழற்றியது, ஒரே துடைப்பத்தைப் பிடித்தது. அடுத்து வந்த திட்டம் கைவிட்டது இந்தப் பொதுமையைத்தான்.

1953-ஆம் ஆண்டுத் திட்டம்

முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியின் அரசு 1953-54 கல்வியாண்டில் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைப் புகுத்தியது. வகுப்பு நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. பிள்ளைகள் காலை, மாலை என இரு பிரிவாயினர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பெற்றோருக்குத் தொழில் இல்லையெனில் ஊரில் வேறொரு தொழிலாளியிடம் பழக வேண்டும். கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இருமடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். நகரப் பள்ளிகளுக்கு இத்திட்டம் நீட்டப்படவில்லை.

தோட்டியின் மகன் பிற்பகலில் எதைப் பழகுவான் என்ற கேள்விக்கு அரசிடம் தக்க விடை இல்லை. பெரியாரும் திராவிடர் கழகமும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்றனர், அப்பெயரே நிலைத்தது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இதற்கு எதிரானது. அதே மாதம் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் 138–138 எனச் சமனாகித் தோற்றது. நிறுத்திவைத்து நிபுணர் குழுவிடம் ஒப்படைக்கும் தீர்மானம் 139–137 என வென்றது. அவ்வாறு அமைந்த பருலேகர் குழு திட்டத்துக்குச் சாதகமாகவே அறிக்கை தந்தும் பயனில்லை. ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு முற்றி, 1954-இல் முதலமைச்சர் பதவி காமராசரிடம் வந்தது. அவ்வாண்டு மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

பின்னர்

கோத்தாரி குழு (1964–66) பணி அனுபவத்தையும், ஈசுவரபாய் படேல் குழு (1977) சமூகப் பயனுள்ள ஆக்கவேலையையும் பரிந்துரைத்தன. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தொழிலாளரிடம் பழகச் சொன்னபோது, தமிழ்நாட்டில் குலக்கல்வி மீண்டும் வருகிறது என்றே எதிர்ப்பாளர் கூறினர். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் உயர் வகுப்பினரையும் கல்லூரி மாணவரையும் சார்ந்தது. தொடக்க வகுப்புகளில் இன்று மருத்துவர், உழவர், அஞ்சல்காரர் முதலியோர் பாடநூல் படங்களாக இடம்பெறுகின்றனர்.