வுடி கத்ரி: பாட முடியாமல் போன பிறகு பரவிய பாட்டு

1/
பாப் டிலன் பேரு எல்லாருக்கும் தெரியும். 2016-ல இலக்கியத்துக்கு நோபல் வாங்கினவர். அவர் 1961 ஜனவரியில, 19 வயசுல, நியூயார்க் வந்து இறங்கினதுக்கு ஒரு முக்கியக் காரணம், பக்கத்து மாநிலத்துல மனநல மருத்துவமனையில இருந்த ஒரு நோயாளி. அவர் பேரு வுடி கத்ரி. அவரைப் பத்தின த்ரெட் இது. கொஞ்சம் நீளம்.

2/
அப்போ கத்ரியால கிட்டார் வாசிக்க முடியாது. பேச்சு குழறும். கை கால் தானா ஆடும். ஆனா அந்த வருஷங்கள்லதான் அமெரிக்கக் கல்லூரிகள்ல நாட்டுப்புற இசை அலை அடிச்சுது. அந்த அலைக்கு நடுவுல இருந்தது இவரோட பாட்டு. பாட முடியாத ஒருத்தர் பாட்டு எப்படி இவ்வளவு தூரம் போச்சு?

3/
பிறந்தது 1912 ஜூலை 14, ஓக்லஹோமா மாநிலத்துல ஒகீமா என்ற சின்ன ஊர். அம்மா நோரா பழைய கதைப்பாடல்கள் நிறைய பாடுவாங்க. அதே அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா குணம் மாறிச்சு, உடம்பு ஆட ஆரம்பிச்சுது. ஊர் பைத்தியம்னு சொல்லிடுச்சு. அரசு மனநல மருத்துவமனையில சேர்த்தாங்க. 1930-ல அங்கேயே இறந்துட்டாங்க.

4/
அடுத்து வந்தது புழுதிப் புயல் காலம். மழை பொய்த்து, உழுத மேல்மண் காத்துல பறந்துச்சு. 1935 ஏப்ரல் 14-ஐ 'கருப்பு ஞாயிறு'ன்னே சொல்வாங்க. பகல்ல இருட்டு. கத்ரி அப்போ டெக்சாஸ்ல பாம்பா என்ற ஊர்ல இருந்தார். நிலத்தை இழந்த ஜனங்க லட்சக்கணக்குல பிழைப்பு தேடி இடம் பெயர்ந்தாங்க. நிறைய பேர் கலிஃபோர்னியா போனாங்க. அங்கே அவங்களுக்கு 'ஓக்கி'ன்னு இளக்காரமா ஒரு பேரு.

5/
கத்ரியும் போனார். 1937-ல லாஸ் ஏஞ்சல்ஸ் கே.எஃப்.வி.டி. ரேடியோவுல பாட ஆரம்பிச்சார். ஊரை விட்டு வந்தவங்களுக்கு ரேடியோவுல தங்களோட பேச்சு, தங்களோட பாட்டு. ரசிகர் கடிதங்கள் குவிஞ்சுது. அவர் பிரபலமானது இங்கேதான்.

6/
அவர் பாணியை இங்கே கவனிக்கணும். பெரும்பாலும் புது மெட்டு போட மாட்டார். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச சர்ச் பாட்டு, பழைய கதைப்பாட்டு மெட்டை எடுத்து அதுல புது வரி வைப்பார். நம்ம ஊர்ல தெரிஞ்ச மெட்டுல தேர்தல் பாட்டு கட்டுற மாதிரி. மூணு கார்டு தெரிஞ்சா யாரும் வாசிக்கலாம். ஒரு தடவை கேட்டாலே கூடப் பாடலாம்.

7/
வரிகள்தான் புதுசு. புழுதி, கடன், வேலை தேடி அலையறது. புழுதி மூச்சுல போய் வர்ற நிமோனியாவைப் பத்தியே ஒரு பாட்டு உண்டு. அந்தக் காலத்துல அது நிஜமா ஆள் கொன்ன வியாதி. பாடப்புத்தகத்துல நாலு வரியில முடியற விஷயத்தை, நோயாளியோட வீட்டுக்குள்ள இருந்து பாடியிருப்பார்.

8/
1940 ரொம்ப முக்கியமான வருஷம். பிப்ரவரி 23 அன்னைக்கு நியூயார்க்ல 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' எழுதினார். ரேடியோவுல ஓயாம ஓடின 'காட் பிளஸ் அமெரிக்கா' மேல இருந்த எரிச்சல்ல வந்த பாட்டு. தனியார் நிலத்தைத் தடுக்கிற பலகையும், நிவாரண ஆபீஸ் வாசல்ல பசியோட நிக்கிற ஜனமும் அதுல வருவாங்க. பின்னாடி பள்ளிக்கூடங்கள்ல பாடின வடிவத்துல அந்த வரிகள் இல்ல.

9/
அதே வருஷம் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக இவரை மணிக்கணக்குல பதிவு பண்ணினார். விக்டர் கம்பெனி 'டஸ்ட் பவுல் பாலட்ஸ்' இசைத்தட்டுகளை வெளியிட்டுச்சு. ஹார்வர்டு படிப்பை விட்டுட்டு வந்த பீட் சீகர் என்ற 20 வயசுப் பையனும் அப்போதான் கத்ரியைச் சந்திச்சார்.

10/
1940-களோட கடைசியில கத்ரிக்குக் கோபம், தடுமாற்றம், விசித்திரமான நடத்தை. குடின்னாங்க. ஸ்கிசோஃப்ரீனியான்னாங்க. 1952-ல தான் சரியான பேரு கிடைச்சுது: ஹண்டிங்டன் நோய். வயசு 40. அம்மாவுக்கு வந்ததும் அதேதான்.

11/
இதை 1872-ல தெளிவா எழுதினவர் ஜார்ஜ் ஹண்டிங்டன், அப்போ 22 வயசு டாக்டர். அவரோட அப்பாவும் தாத்தாவும் அதே ஊர்ல டாக்டர்கள். மூணு தலைமுறையா அதே குடும்பங்களைப் பார்த்ததால பிடிபட்டுச்சு. பெற்றோர்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்பு. பொதுவா 30-லிருந்து 50 வயசுக்குள்ள ஆரம்பிக்கும். அதுக்குள்ள அவங்களுக்கே பிள்ளைங்க பிறந்திருக்கும்.

12/
1953-ல தீ விபத்துல கை வெந்துச்சு. அதோட கிட்டார் வாசிப்பு கிட்டத்தட்ட முடிஞ்சுது. 1956-ல நியூ ஜெர்சி கிரேஸ்டோன் மனநல மருத்துவமனை. 40-ஆம் எண் வார்டு. அதுக்கு அவர் வெச்ச பேரு 'வார்டி ஃபார்ட்டி'.

13/
பாட்டு எப்படித் தப்பிச்சுது? முதல் ஆள் ஜாக் எலியட். புரூக்ளின்ல ஒரு டாக்டரோட மகன். கத்ரி வீட்டுலயே தங்கி, அவர் கிட்டார் வாசிக்கிற விதம், பாடற விதம் எல்லாத்தையும் அப்படியே பிடிச்சுக்கிட்டார். 1955-ல இங்கிலாந்து போய் அங்கேயும் பாடினார்.

14/
இரண்டாவது, பீட் சீகர். அவரோட 'வீவர்ஸ்' குழு 1950-ல லெட் பெல்லியோட 'குட்நைட் ஐரீன்' பாடி 13 வாரம் முதலிடத்துல இருந்துச்சு. அடுத்த வருஷம் கத்ரி பாட்டு ஒண்ணும் ஹிட். அப்புறம் கம்யூனிஸ்ட் வேட்டை. வீவர்ஸ் கறுப்புப் பட்டியல்ல. ரேடியோ, டிவி கதவு சாத்தியாச்சு.

15/
கதவை சாத்தினவங்க எதிர்பார்க்காதது ஒண்ணு நடந்துச்சு. சீகர் கல்லூரி, பள்ளிக்கூடம், கோடை முகாம்னு ஊர் ஊரா போனார். மேடையில தான் மட்டும் பாடாம, எதிர்ல இருக்கிறவங்களைப் பாட வைப்பார். முகாம்ல கத்ரி பாட்டைக் கத்துக்கிட்ட குழந்தைங்கதான் பத்து வருஷம் கழிச்சு கல்லூரியில கிட்டாரோட நின்னாங்க.

16/
1956 மார்ச் 17, நியூயார்க் பித்தியன் ஹால். கத்ரியோட பிள்ளைகளுக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரி. கடைசியில எல்லாரும் சேர்ந்து 'திஸ் லேண்ட்' பாடினாங்க. கத்ரி பால்கனியில உட்கார்ந்து கேட்டுட்டிருந்தார். மறுமலர்ச்சியோட தொடக்கமா இந்த ராத்திரியைச் சொல்றவங்க பலர்.

17/
இன்னொரு உதாரணம். 1948 ஜனவரி 28, கலிஃபோர்னியா லாஸ் கேட்டோஸ்ல விமான விபத்து. 32 பேர் பலி. அதுல 28 பேர் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட விவசாயக் கூலிகள். செய்தியில அவங்க பேரு வரல, 'நாடு கடத்தப்பட்டவர்கள்' அவ்வளவுதான். கத்ரி கோபத்துல ஒரு கவிதை எழுதினார். சுமார் பத்து வருஷம் கழிச்சு, அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்போ, மார்ட்டின் ஹாஃப்மேன் என்பவர் அதுக்கு மெட்டு போட்டார். சீகர் அதைப் பரப்பினார். இன்னைக்கும் பாடறாங்க.

18/
1958-ல கிங்ஸ்டன் டிரையோவோட 'டாம் டூலி' பெரிய ஹிட். நாட்டுப்புறப் பாட்டு கல்லூரி ஃபேஷன் ஆச்சு. மினியாபொலிஸ்ல கத்ரியோட சுயசரிதை 'பவுண்ட் ஃபார் குளோரி'யைப் படிச்சுட்டு டிலன் கிளம்பி வந்தார். வார்டுல போய்க் கத்ரிக்கு அவரோட பாட்டுகளையே பாடிக் காட்டினார். 1962-ல வந்த முதல் ஆல்பத்துல கத்ரிக்குன்னே ஒரு பாட்டு எழுதி வெச்சார்.

19/
மறுமலர்ச்சி முழுக்க இவர் ஒருத்தரால வந்ததுன்னு சொல்ல மாட்டேன். லெட் பெல்லி, லோமாக்ஸ், 1952-ல ஹாரி ஸ்மித் தொகுத்த பழைய இசைத்தட்டுத் தொகுப்பு எல்லாம் சேர்ந்த கதை அது. கத்ரி தனியா கொடுத்தது ஒண்ணு: நாட்டுப்புறப் பாட்டுன்னா தாத்தா காலத்தோட நின்னுபோன பொருள் இல்ல, நேத்து பேப்பர்ல வந்ததையும் பாடலாம். டிலன், ஃபில் ஓக்ஸ், டாம் பாக்ஸ்டன் எல்லாரும் இந்த வாசல் வழியா வந்தவங்கதான்.

20/
1967 அக்டோபர் 3 கத்ரி இறந்தார். வயசு 55. நடனக் கலைஞரான மார்ஜரி, விவாகரத்துக்கு அப்புறமும் அவரைப் பார்த்துக்கிட்டவங்க. அதே வருஷம் ஹண்டிங்டன் நோய்க்கு எதிரா ஒரு அமைப்பு தொடங்கினாங்க. வீட்டுக்குள்ள மறைச்சு வெச்ச நோயை வெளியில பேச வெச்சாங்க.

21/
ஆராய்ச்சி சூடு பிடிச்சுது. வெனிசுலாவில மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்கள் ரத்தம் கொடுத்து உதவினாங்க. 1983-ல மரபணு 4-ஆவது குரோமோசோம்ல இருக்குன்னு தெரிஞ்சுது. 1993-ல மரபணுவே கிடைச்சுது. இன்னைக்கு ரத்தப் பரிசோதனையில உறுதி பண்ணலாம். முழுசா குணமாக்கற மருந்து இன்னும் இல்ல. கத்ரியோட முதல் மனைவியோட மகள்கள் ரெண்டு பேருமே 41 வயசுல இந்த நோயால போயிட்டாங்க.

22/
அவர் விட்டுப்போனது கிட்டத்தட்ட 3000 பாட்டு வரிகள். நிறையவற்றுக்கு மெட்டு கிடையாது. மார்ஜரியோட மகள் நோரா, பாட்டி பேரு வெச்ச பொண்ணு, அந்தத் தாள்களை பில்லி பிராக், வில்கோ குழுகிட்ட கொடுத்தாங்க. 1998-ல 'மெர்மெய்ட் அவென்யூ' ஆல்பம் வந்துச்சு. எழுதினவர் செத்து 31 வருஷம் கழிச்சு புதுப் பாட்டு.

23/
2009 ஜனவரி 18, ஒபாமா பதவியேற்புக்கு முன்னாடி லிங்கன் நினைவிடம். 89 வயசு சீகரும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் 'திஸ் லேண்ட்' பாடினாங்க. பள்ளிக்கூடங்கள் விட்ட அந்தப் பலகை வரியையும், பசி வரிசை வரியையும் சேர்த்தே பாடினார் சீகர்.

24/
கேட்க நினைக்கிறவங்களுக்கு: முதல்ல 'டஸ்ட் பவுல் பாலட்ஸ்'. அடுத்து ஜாக் எலியட் பாடின கத்ரி பாட்டுகள். அப்புறம் டிலனோட முதல் ஆல்பம். இந்த வரிசையில கேட்டா, ஒருத்தர்கிட்ட இருந்து அடுத்தவருக்குப் போனது காதுலயே தெரியும்.

கேட்டுட்டு எது பிடிச்சுதுன்னு கீழே சொல்லுங்க.