தேயிலைத் தோட்டம் சொன்ன பல் பாடம்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். வயதானால் பல் ஆடும், விழும். அது இயற்கை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இது சரிதானா? விடை காண உதவியவர்கள், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள்.

முதலில் டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகருக்குப் போவோம். நார்வேயில் பிறந்த பல் மருத்துவ அறிஞர் ஹரால்டு லோவும் அவருடைய குழுவினரும் அங்கு ஒரு சோதனை நடத்தி, 1965-இல் முடிவை வெளியிட்டனர். நல்ல ஈறுகளை உடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். பல்லின் மேல் பாக்டீரியாக்கள் நிறைந்த மெல்லிய படலம் படிந்தது. 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது தணிந்தது. ஆகவே ஈறு அழற்சிக்குக் காரணம் அந்தப் படலமே என்பது தெளிவாயிற்று.

அழற்சி ஈறோடு நிற்காமல் உள்ளே இறங்கினால், பல்லைத் தாடையுடன் பிணைக்கும் நார்களும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. இதுவே பல்லை ஆட்டிவைக்கும் ஈறு நோய். சுத்தம் செய்யாத எல்லோருக்கும் இந்த நிலை வருமா?

இதை அறிய, லோ குழுவினர் 1970-இல் தொடங்கி 15 ஆண்டுகள் 480 தோட்டத் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்தனர். பல் மருத்துவம் அவர்களை எட்டியதே இல்லை. எல்லோருடைய பற்களிலும் படலமும் காரையும் கறையும் படிந்திருந்தன. ஏறக்குறைய எல்லா ஈறுகளிலும் அழற்சி இருந்தது.

ஆயினும் விளைவு ஒரே மாதிரி இல்லை. சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது. 45 வயதில் பல்லின் பிடிப்பு சராசரி 13 மில்லிமீட்டர் அளவுக்குப் போய்விட்டது. 81 சதவீதத்தினருக்கு நோய் மெதுவாக நடந்தது. அதே வயதில் இழப்பு 7 மில்லிமீட்டர். மீதி 11 சதவீதத்தினருக்கு அழற்சி ஈறைத் தாண்டவே இல்லை. முடிவுகள் 1986-இல் வெளியாயின.

படலம் ஒன்றாக இருந்தும் கேடு ஏன் வேறுபட்டது? கிருமியை உடல் எதிர்க்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. புகைபிடித்தலும் கட்டுப்படாத நீரிழிவும் நோயை விரைவுபடுத்துகின்றன. புகைபிடிப்பவரின் ஈறில் இரத்தக்கசிவு குறைவாக இருக்கும். அதனால் நோய் முற்றும் வரை அவருக்குத் தெரியாமலே போகலாம்.

நோய் எவ்வளவு பரவலானது? அமெரிக்காவில் 2009 முதல் 2014 வரை நடந்த கணக்கெடுப்பில், பற்கள் உள்ள, 30 வயதைத் தாண்டியவர்களில் 42 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. கடுமையான நிலையில் இருந்தவர்கள் சுமார் 8 சதவீதத்தினர். பல் மருத்துவர்கள் மலிந்த நாட்டிலேயே இந்த நிலை!

பரம்பரையை நாம் மாற்ற முடியாது. படலத்தை அன்றாடம் அகற்றலாம், புகையை விடலாம், சர்க்கரையைக் கட்டுப்படுத்தலாம். ஈறில் இரத்தம் கசிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டலாம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. வைத்தியம் கிடைக்காத மக்களிடம்தான் இந்த நோயின் இயல்பான போக்கைக் காண முடிந்தது. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் இந்தப் பாடம் அத்தொழிலாளர்கள் இழந்த பற்களிலிருந்து கிடைத்தது. அதன் பயன் முதலில் போய்ச்சேர வேண்டியதும் அத்தகைய மக்களுக்கே அல்லவா?