பிடி அரிசியும் கணக்கு நோட்டும்

தொண்டு நிறுவனங்கள் என்று பேச்செடுத்தாலே நம் சூழலில் முதலில் எழும் கேள்வி 'காசு எங்கேயிருந்து வருது?' என்பதுதான். தவறான கேள்வி அல்ல. தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்திய வியூகத்தின் ஓர் அம்சமாகப் பார்க்க வேண்டும் என்று 1984ல் பிரகாஷ் காரத் எழுதியதிலிருந்து இந்தக் கேள்வி இடதுசாரிகளிடம் மட்டுமல்லாமல் எல்லோரிடமும் பரவிவிட்டது. ஆனால் பணம் வருகிற திசையைக் கண்டுபிடித்ததோடு விமர்சனம் முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டோம். வந்த பணத்துக்கு யாரிடம் கணக்குச் சொல்கிறார்கள், யார் இவர்களை நிறுத்திக் கேள்வி கேட்க முடியும் என்பதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ல் பிறந்தது வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். 2010ல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்தது. 2020ல் செய்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதத்திலிருந்து 20 சதமாகக் குறைத்தது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து தருவதையும் தடை செய்தது. பெரிய நிறுவனங்கள் எப்படியோ தாக்குப்பிடித்தன. அவற்றின் வழியாகப் பணம் பெற்றுவந்த கிராமத்துச் சின்னக் குழுக்கள்தான் அடிபட்டன. மறுபக்கம் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் 2 சதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. வெளிநாட்டு வாசல் ஒடுங்க, கம்பெனி வாசல் திறந்தது. இந்த இடைவெளியில்தான் 'உத்தி', 'புதுமை' என்கிற சொற்கள் பயிலரங்குகளில் புழங்கத் தொடங்கின. குறைந்த பணத்தில் நிறைய செய்வது எப்படி, கொடையாளரை ஈர்க்கத் திட்ட அறிக்கை எழுதுவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார்கள். இந்தச் சொல்லாடலுக்குள் வரலாறு நுழைவதே இல்லை. பணமே இல்லாதவர்கள் நம் மண்ணில் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார்களே, எப்படிக் கட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

1

மகமை என்ற சொல் பலருக்கும் தெரியும். வணிகர்கள் தம் வியாபாரத்தின் மீது தாமே போட்டுக்கொள்ளும் பொதுக் காரியத் தீர்வை. இதன் வேர் மிகப் பழையது. சிவகங்கைப் பக்கம் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வணிகக் குழுக்கள் கூடி உப்பு, நெல், பாக்கு, மிளகு எனச் சரக்கு வாரியாக, பொதி வாரியாகக் கோயிலுக்கு இவ்வளவு என்று விதித்துக்கொண்டதைச் சொல்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தாரிடமும் மகமை இருந்தது. எனினும் மகமையைக் கோயிலிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் திருப்பியதில் பழைய இராமநாதபுரம் மாவட்டப் பகுதி நாடார்களின் வரலாறு தனித்துப் பார்க்க வேண்டியது.

சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் காலூன்றினார்கள். மாட்டுவண்டியில் சரக்கேற்றிப் போகிறவர்களுக்கு வழியில் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும். அதற்காக எழுந்தவை பேட்டைகள். சுற்றுச்சுவர், கிணறு, சரக்கு வைக்க இடம். பேட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் சரக்குக்குத் தக்கபடி ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். அதுதான் மகமை. அதை நிர்வகித்த அமைப்பு உறவின்முறை. பேட்டைச் செலவு போக மிஞ்சியது கிணற்றுக்கு, கோயிலுக்கு, பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனது.

1880களில் விருதுநகரில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை இப்படி வந்ததுதான். மகமையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்றுப் பள்ளிச் செலவுக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் முதலமைச்சரான காமராஜ் படித்தது இந்தப் பள்ளியில்தான்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இது மிச்சத்திலிருந்து கொடுப்பது அல்ல. லாபம் வந்த பிறகு மனம் இரங்கிக் கொடுப்பதை நாம் தருமம் என்கிறோம். மகமையோ சரக்கு கைமாறும் இடத்திலேயே பிடித்துக்கொள்ளப்படுவது. பிடி அரிசியும் அப்படித்தான், சோறாக மாறுவதற்கு முன்பே ஒதுங்கிவிடுகிறது. கொடுப்பவரின் அன்றைய மனநிலையை நம்பி அது இல்லை. இரண்டு, தொகை சிறியது, ஆனால் எல்லோரும் தர வேண்டும். ஒரு பெரிய புரவலர் கோபித்துக்கொண்டு போனால் பள்ளிக்கூடம் இழுத்து மூடப்படும் என்ற நிலை இல்லை. மூன்று, கொடுத்தவர்களே கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்பவர்கள். நோட்டைப் புரட்டிப் பார்ப்பவன் தன் கைக்காசு எங்கே போச்சு என்று தெரிந்தவன். அவனை ஏமாற்றுவது லேசில்லை.

கொடை என்பது ஒருபோதும் சும்மா தரப்படுவதில்லை, அது திருப்பித் தர வேண்டிய கடமையை வாங்குபவர்மீது சுமத்துகிறது என்று 1925ல் மார்செல் மோஸ் எழுதினார். கொடுத்தவன் மேலே, வாங்கியவன் கீழே என்ற அதிகாரக் கட்டுமானம் எல்லாத் தருமத்திலும் உண்டு. மகமை இதைக் கொஞ்சம் குலைத்தது. கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே ஆள் என்னும்போது யார் யாருக்குக் கடன்பட்டவர்? கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக 1897ல் வழக்கில் மாட்டியவர்கள், 1899ல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்தவர்கள், மேலே இருந்த எவருடைய தயவையும் நம்பியிருக்க முடியாது. இந்தப் 'புதுமை' யோசனைக் கூட்டத்தில் பிறக்கவில்லை. வேறு வழியில்லாததால் பிறந்தது.

2

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது சாதிப் பெருமிதக் கட்டுரையாகப் போய்விடும். மகமையின் வலிமை எதுவோ அதுவேதான் அதன் எல்லையும். எல்லோரும் தர வேண்டும் என்றால் அந்த 'எல்லோரும்' யார்? உறவின்முறை என்ற பெயரே பதில் சொல்லிவிடுகிறது. தராவிட்டால் அபராதம், அதற்கும் மசியாவிட்டால் ஒதுக்கிவைத்தல். ஒதுக்கிவைக்கும் அதிகாரம் இல்லாமல் இந்த வசூல் நடந்திருக்காது. நம்பிக்கை என்று நாம் இன்று அழகாகச் சொல்வதன் அடியில் கட்டாயம் இருந்தது.

பிடி அரிசியை அளந்து பானையில் போட்டவள் பெண். கணக்குக் கேட்கும் சபையில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். கொடுப்பவரே கணக்குக் கேட்பவர் என்று மேலே சொன்னது பாதி உண்மைதான் என்பது இங்கே தெரிகிறது. அடுப்படியிலிருந்து புறப்பட்ட அரிசி சபைக்குப் போய்ச் சேரும்போது வேறொருவர் பெயரில் வரவு வைக்கப்பட்டுவிடுகிறது. மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைப் பெண்கள் 1910 முதல் இதேபோல ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசி ஒதுக்கிவருகிறார்கள். இன்றைக்கு அது கோடிக்கணக்கான ரூபாய் வருமானம். அங்கே எல்லை சபை, இங்கே சாதி. இரண்டிலும் உலை பெண்ணுடையது.

அதே காலத்தில் பக்கத்திலேயே நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். திருநெல்வேலியில் மிஷன் பள்ளிகள் பெரும்பாலும் கடல் கடந்து வந்த பணத்தில் நடந்தன. கணக்கும் அறிக்கையும் லண்டனுக்குப் போயின. ஆனால் 1903ல் அங்கிருந்த கிறிஸ்தவர்களே வி.ச. அசரியா முதலானோர் முன்னின்று, உள்ளூர்க் காசில், உள்ளூர் நிர்வாகத்தில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். தெலுங்குப் பகுதியான தோர்ணகல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். வாங்குபவராக மட்டுமே பார்க்கப்பட்டவர்கள் கொடுப்பவராக மாறுவது அரசியல் நிகழ்வு. அங்கே மாறியது வரவுப் பக்கம் மட்டுமல்ல. அறிக்கை எழுதப்படும் முகவரியும் மாறியது.

3

அப்படியானால் கேள்வி இதுதான்: சிறுதொகை, எல்லோர் பங்கு, கொடுத்தவரிடமே கணக்கு என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, சாதி எல்லையை மட்டும் உடைக்க முடியுமா?

இதற்கு ஒரு பதில் பள்ளி மதிய உணவின் வரலாற்றில் கிடைக்கிறது. 1920ல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகக் கூடாது. மேலும் சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய அரசாங்கம் அனுமதி மறுத்ததும் 1925ல் நின்றுபோனது. ஒரே கணக்குத் தலைப்பை நம்பிய திட்டம், ஒரே உத்தரவில் செத்தது.

1956ல் காமராஜ் ஆட்சியில் மதிய உணவு மீண்டும் வந்தபோது கஜானாவில் பணம் கொழிக்கவில்லை. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊரார் பங்கை நம்பித் தொடங்கினார். பிறகு செலவில் 60 சதம் அரசு, 40 சதம் ஊரார் என்று ஆயிற்று. அரிசி, காய்கறி, விறகு என்று கையில் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே தர்க்கம்தான்: பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், முடிந்தவர்கள் கட்டடம். பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர் முதலமைச்சராகி, அந்தப் பிடி அரிசியைச் சாதியிடமிருந்து எடுத்து ஊரிடம் கொடுத்தார் என்று இதை வாசிக்கலாம். அரசு 60 போட்டதால் ஏழை ஊர் விட்டுப்போகவில்லை. ஊர் 40 போட்டதால் சோறு வேகிறதா என்று எட்டிப்பார்க்கிற உரிமை ஊருக்கு வந்தது.

'ஊர்' என்றால் யார் என்ற கேள்வி ஆண்டு மலரில் வருகிற மாதிரி அவ்வளவு இனிமையானதல்ல. நம் ஊர் என்பதே ஊரும் சேரியுமாகப் பிளந்து கிடப்பது. மூட்டை அரிசி கொடுத்த மிராசுதார் பெயர் மாநாட்டு மேடையில் வாசிக்கப்பட்டது. அவர் வயலில் கூலி வாங்குபவரின் பிள்ளை அந்தச் சோற்றைத் தின்றது. மோஸ் சொன்ன கடன் இங்கே திரும்பவும் தலைகாட்டுகிறது. சாதி எல்லை அகன்றது என்பது சரி, அழிந்தது என்று சொல்ல முடியாது.

1961 முதல் கேர் நிறுவனத்தின் வழியாக அமெரிக்க உணவுப் பொருள்கள் வந்தன. பாரம் குறைந்தது. அதே அளவுக்கு ஊரார் பங்கு என்பது திட்டத்தின் அச்சாக இருப்பதும் குறைந்தது. 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது அரசின் பொறுப்பாகவே ஆனது. 2001ல் உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவைப் பள்ளிகளில் தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தருமமாக இருந்தது உரிமையாயிற்று. மிராசுதாருக்கு நன்றி சொல்லாமல் ஒரு குழந்தை சாப்பிட முடிகிறது என்றால் அது பெரிய விடுதலை. இதை விட்டுவிட்டுப் 'பழைய ஊரார் பங்குக்கே போவோம்' என்று யாராவது சொன்னால் அது அரசு கைகழுவுவதற்குப் போடுகிற தாளம்தான். பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் கவனிக்க வேண்டியது வரிப்பணம். பிடி அரிசி அதற்கு மாற்று அல்ல.

4

அப்படியென்றால் பிடி அரிசியிலிருந்து இன்று எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. உரிமையைக் கேட்கிற அமைப்புகளுக்கு வேறு யாருடைய காசும் பொருந்தாது. அரசைக் கேள்வி கேட்பவர்கள் அரசு மானியத்திலும், கம்பெனிக் கழிவு நீரை எதிர்ப்பவர்கள் கம்பெனியின் 2 சதத்திலும் நெடுநாள் ஓட முடியாது. நிதி நெருக்கடி இவர்களைக் கொன்றுவிடும் என்று பயப்படுகிறோம். நெருக்கடி இல்லாத காலத்தில் இவர்கள் யாருக்கு அறிக்கை எழுதினார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். எந்த மொழியில் எழுதினார்கள் என்பதையும் சேர்த்து. வேலை நடந்த தெருவில் அந்த அறிக்கையை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

சங்கத்தில் மாதச் சந்தா கட்டும் கட்டடத் தொழிலாளி கட்டுவது சின்னத் தொகைதான். அதை வைத்துக்கொண்டு அலுவலக வாடகைகூடக் கொடுக்க முடியாது என்று சொல்வார்கள். இருக்கட்டும். அந்தத் தொகை கட்டியதால்தான் அவர் எழுந்து நின்று 'போன மாசக் கணக்கு என்னாச்சு?' என்று கேட்கிறார். வெளியிலிருந்து எவ்வளவு பெரிய நிதி வந்தாலும் அந்தக் கேள்வியை அது வாங்கித் தராது. செலவில் பத்தில் ஒரு பங்காவது பயன்பெறுபவர்களின் கையிலிருந்து வரட்டும், மீதியின் கணக்கையும் அவர்கள்முன் தமிழில் வாசிக்கட்டும், அரிசி ஒதுக்குகிற பெண்ணும் அந்தக் கூட்டத்தில் உட்காரட்டும். பயிலரங்குகள் தேடுகிற உத்தி என்று ஒன்று இருந்தால் அது இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

சிறுபத்திரிகை நடத்துகிற நமக்கும் இது பொருந்தும். சந்தா முடிந்துவிட்டது என்று அட்டை போட்டால் பதில் வராது. நண்பர் ஒருவர் சம்பளப் பணத்தில் அச்சகக் கடனை அடைக்கிறார். அடுத்த இதழ் வருகிறது. நண்பரின் கொடைக்கு நன்றி எழுதுகிறோம். வரவு செலவை மட்டும் எந்த இதழிலும் அச்சிடுவதில்லை. தொண்டு நிறுவனங்களைப் பார்த்துக் காசு எங்கேயிருந்து வருது என்று கேட்கிற அதே பக்கங்களில், வருஷத்துக்கு ஒரு முறையாவது நம் கணக்கும் வரட்டுமே. வாசகர் கேள்வி கேட்பார். கேட்பவர் சந்தாவும் கட்டுவார்.