வழியும் வண்டியும்

திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாரதியார் சில காலம் வாழ்ந்த கடையம், பாவூர்ச்சத்திரம், தென்காசி எனப் பொருநைக் கரையையும் மலையடியையும் தொட்டுச் செல்லும் இருப்புப்பாதை 1903ஆம் ஆண்டில் செங்கோட்டையை எட்டியது. மறு ஆண்டு அது ஆரியங்காவு மலையைக் கடந்து புனலூர் சென்று கொல்லத்தோடு இணைந்தது. அப்பாதையில் ஓடிய புகைவண்டியின் மூன்றாம் வகுப்புப் பெட்டி, தென்பாண்டிச் சீமை அதுவரை கண்டிராத ஒரு காட்சியைக் காட்டிற்று. சீட்டுக்குரிய காசைக் கொடுத்தவர் எவரும் அதில் ஏறலாம். தெருவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நிற்க வேண்டியவரும், ஒதுங்கச் சொல்லும் உரிமை படைத்தவராகத் தம்மைக் கருதியவரும் ஒரே பலகையில் தோளுரச அமர வேண்டியதாயிற்று. ஐரோப்பியருக்கெனத் தனிப்பெட்டிகளை ஒதுக்கிய இரயில்வே, உள்நாட்டவரைக் கட்டணத்தால் மட்டுமே பிரித்தது.

ஆயினும் அப்பலகையின் சமத்துவம் நிலையத்தோடு முடிந்தது. வண்டியை விட்டு இறங்கியவர் உண்ணச் சென்றால் அங்கே ஒரு தடுப்பு. ஊருக்குள் நடந்தால் அங்கே ஒரு தெரு. எனவே பொதுப் போக்குவரத்தில் நிலவிய பாகுபாட்டை எதிர்த்த அறப்போராட்டங்களின் வரலாற்றை இவ்வட்டாரத்திலிருந்து எழுதப் புகுவோர், அமெரிக்க வரலாற்றாசிரியரைப்போல இருக்கையிலிருந்து தொடங்க இயலாது. கறுப்பின மக்கள் எங்கே உட்காரலாம் என்பது அங்கு எழுந்த வழக்கு. ஒருவர் எவ்வழியே போகலாம் என்பது இங்கு எழுந்த முதல் வழக்கு. வண்டி அவ்வழக்கினுள் பின்னர் வந்து சேர்ந்தது.

இரு வரலாறுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முளைத்தவை என்பது வியப்பளிப்பது. 1892ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், நியூ ஆர்லியன்சு நகரில் ஹோமர் பிளெசி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி, வெள்ளையருக்குரிய இரயில் பெட்டியில் ஏறி அமர்ந்து, எழ மறுத்துச் சிறைப்பட்டார். சட்டத்தை நீதிமன்றத்தில் சோதிப்பதற்கென்றே அவ்வூர்க் குடிமக்கள் குழு ஒன்று வகுத்த திட்டம் அது. வழக்கு தோற்றது, பிரித்து வைத்தாலும் வசதி சமமாயின் குற்றமில்லை என்று 1896இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிளெசி கைதாகிச் சரியாக ஓராண்டு கழிந்து, 1893ஆம் ஆண்டு அதே ஜூன் 7ஆம் நாளிரவு, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்சுபர்க் நிலையத்தில் முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த இளம் வழக்கறிஞர் காந்தி வண்டியிலிருந்து இறக்கப்பட்டார்.

அந்த 1893ஆம் ஆண்டிலேதான் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி என்ற புலையர் குலத்து இளைஞர் ஒரு வில்வண்டியை வாங்கினார். வெள்ளைக் காளைகளைப் பூட்டி, மணிகள் ஒலிக்க, தலைப்பாகையும் வெள்ளாடையும் அணிந்து, தம்மவர் கால் வைக்கலாகாத பொதுச்சாலையில் அதனை ஓட்டிச் சென்றார். பிளெசியும் காந்தியும் பிறர் நடத்திய வண்டியில் இடம் கேட்டவர்கள். அய்யன்காளியிடம் வண்டி சொந்தமாகவே இருந்தது, வழிதான் இல்லை. அவர் மடியில் கத்தி இருந்தது என்றும், தடுத்தவர்முன் அதை உருவிக் காட்டினார் என்றும் அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். அகிம்சை என்னும் சொல் அரசியல் சொல்லாக உருப்பெறாத காலம் அது. பிற்கால இலக்கணத்தைக் கொண்டு அவரை அளப்பது பொருந்தாது. அவ்வண்டியைப் பார்த்தவர்கள் கண்டது கத்தியை அன்று, தலைப்பாகையை என்று கொள்வதே தகும்.

திருவிதாங்கூர்ச் செய்தி தென்காசியாருக்கு அயல்நாட்டுச் செய்தியன்று. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்த தாலுகா. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஏறத்தாழ 8 கிலோமீட்டர்தான் தொலைவு. ஆனால் அவ்விடைவெளியில் ஓர் அரசு முடிந்து மற்றோர் அரசு தொடங்கிற்று. சாரல் இருபுறமும் ஒன்றாகவே பெய்தது. சட்டம் அப்படிப் பெய்யவில்லை.

1924ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச்சாலை, தெரு, கிணறு, அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமை தாழ்த்தப்பட்டோருக்கும் உண்டு என அரசு அறிவித்தது. சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டு பணிபுரிந்து திரும்பியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆக, எழுத்தளவிலேனும் தென்காசித் தெருக்கள் அவ்வாண்டில் திறந்தன. அதே 1924ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், எல்லைக்கு அப்பால், வைக்கம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நாராயண குரு ஏறிச் சென்ற ரிக்சாவே அங்குத் தடுக்கப்பட்டது என்பர். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியார் இருமுறை சிறைப்பட்டார். நாகம்மையார் பெண்களைத் திரட்டினார். 1925 நவம்பரில் போராட்டம் முடிவுற்றபோது மூன்று வீதிகள் திறந்தன. கீழை வீதி மூடியே கிடந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவு அறிக்கையை வெளியிட்டார். செங்கோட்டையில் அரசுக் கோயிலினுள் செல்லலாம் என்றாகிவிட்ட ஒருவர் தென்காசிக்கு வந்தால் கோபுரத்தை வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். மதுரையில் வைத்தியநாதய்யர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நிகழ்ந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். சென்னை மாகாணக் கோயில்கள் அதன் பின்னரே ஒவ்வொன்றாகத் திறந்தன.

வழி பற்றிய நினைவுகள் இவ்வட்டாரத்தில் கதைகளாகவும் வாழ்கின்றன. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில், இரயில் பெட்டிக்குள் அமர்ந்திருந்த ஆட்சியர் ஆஷைச் சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். பேறுகால வேதனையில் துடித்த சேரிப் பெண் ஒருத்தியை ஆஷ் தம் வண்டியில் அக்கிரகாரத் தெரு வழியே ஏற்றிச் சென்றார் என்றும், அதுவே கொலைக்குக் காரணம் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதற்கு ஆவணச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. வரலாறாக அதனை ஏற்க இயலாது. எனினும் அக்கதையைச் சொல்லியவர்கள் அதன் நடுவே வைத்தது ஒரு வண்டியையும் ஒரு தெருவையும் என்பதை ஆய்வாளர் புறக்கணித்துவிடலாகாது.

மீண்டும் இருப்புப்பாதைக்கு வருவோம். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி இடப்பட்டமை, 1924-25ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே பிளக்கும் வழக்காக வளர்ந்தது. தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடியாகப் போற்றப்படும் அவரை இக்கறை விடாது தொடர்வது இலக்கிய அன்பர்க்கு வருத்தம் தருவதே; ஆனால் வருத்தம் கருதி மறைக்கத்தக்கதன்று. குருகுலத்துப் பந்தியைக் கண்டித்தவர்கள் இரயில் நிலையப் பந்தியைக் காணத் தவறவில்லை. தென்னிந்திய இரயில்வேயின் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்க்குத் தனியிடமும் ஏனையோர்க்குத் தனியிடமும் இருந்தன. ஒரே பெட்டியில் நூறு மைல் ஒன்றாய் வந்தவர்கள், இட்டிலிக்காகப் பிரிந்து போய், மீண்டும் வந்து ஒன்றாய் அமர்ந்தனர்! சுயமரியாதை இயக்கத்தார் ஆண்டுக்கணக்கில் எதிர்த்த பின், 1941இல்தான் அவ்வேற்றுமை நீக்கப்பட்டது.

தனியார் பேருந்துகள் பெருகியபோது நிலைமை இன்னும் வெளிப்படையாயிற்று. பஞ்சமர்க்கு இடமில்லை என்பது சீட்டிலேயே அச்சாகியிருந்தது. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராய் அமர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என ஆணையிட்டார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவர் அவர். அவ்வாணை உரிய அளவில் பேசப்படாதது நம் வரலாற்றெழுத்தின் குறைகளுள் ஒன்று. அறப்போர் என்றவுடன் சிறை சென்றவரையே எண்ணுகிறோம். நாற்காலியில் இருந்துகொண்டு, தம்மைச் சூழ்ந்த செல்வரின் பகையைத் தேடிக்கொண்டவரும் அப்போரில் ஒரு முனையைக் காத்தவரே.

குற்றாலத்திற்கு இவ்வரலாற்றில் உரிய இடம் ஒரு மறுப்பினால் அமைந்தது. திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய மலை, இரசிகமணி டி.கே.சி. நண்பர்களைக் கூட்டிக் கம்பனைச் சுவைத்த ஊர் என்றே இலக்கிய அன்பர் குற்றாலத்தை அறிவர். 1934ஆம் ஆண்டு சனவரியில், தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது காந்தியடிகள் இங்கு வந்தார். தாழ்த்தப்பட்டோர்க்கு அருவியில் நீராட உரிமையில்லை என அறிந்து, தாமும் நீராடாமல் திரும்பினார் என்பது இன்றும் இங்கு நினைவுகூரப்படும் செய்தி. அவர் எவரையும் தடுக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. தமக்குக் கிடைத்த இன்பமொன்றை வேண்டாமென்றார். அருவி அன்றும் வழக்கம்போல் வீழ்ந்திருக்கும். அதன் கீழ் ஒருவர் நிற்காமையே அன்றைய செய்தியாயிற்று.

இவ்வாறு வேண்டாமென்று விலகும் முறை எத்துணை வலிமை பெறக்கூடும் என்பதை அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகர் உலகுக்குக் காட்டியது. 1955 திசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்சு என்னும் தையற்காரப் பெண்மணி பேருந்தில் வெள்ளையர் ஒருவர்க்காக எழ மறுத்துக் கைதானார். இச்செய்தியை அறியாதார் இலர். அன்றிரவு நடந்தது அத்துணை அறியப்படாதது. அங்குள்ள கல்லூரியொன்றில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை, தம் மாணவர் இருவருடன் கல்லூரிக்குச் சென்று, திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர் என்னும் துண்டறிக்கையை விடியுமளவும் சைக்ளோஸ்டைல் செய்து பல்லாயிரம் படிகள் எடுத்தார். சில ஆண்டுகளுக்குமுன், 1949இல், ஏறத்தாழ ஆளில்லாத பேருந்தில் தவறான இருக்கையில் அமர்ந்தார் என்று ஓட்டுநரால் இழிவுபடுத்தப்பட்டு அழுதுகொண்டே இறங்கியவர் அவர். கையெழுத்து ஏடுகளும் சிற்றிதழ்களும் நடத்திய அன்பர்கள் அந்த இரவின் மையிட்ட விரல்களை எளிதில் மனக்கண்ணில் காண்பர்.

ஒரு நாளைக்கெனத் தொடங்கியது 381 நாள்கள் நீண்டது. அந்நகரின் பேருந்துப் பயணிகளுள் பெரும்பான்மையோர் கறுப்பின மக்களே. அவர்கள் வேலைக்கு நடந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டபோதும் கூட்டம் கல்லெடுக்கவில்லை. 1956 நவம்பர் 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் பேருந்துப் பாகுபாடு செல்லாதென்றது. அம்மாத முதல் நாளில்தான் மொழிவழி மாநில அமைப்பின்படி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்து, தென்காசிக்கு இடையே நின்ற எல்லைக்கோடு அழிந்தது. இரண்டிற்கும் தொடர்பு ஏதுமில்லை. காலம் மட்டும் ஒன்று.

கிங் 1959இல் இந்தியா வந்தார். தெற்கே கன்னியாகுமரி வரை பயணம் செய்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர் பயின்ற பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள உங்களைப்போன்ற தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் தம்மை அறிமுகம் செய்ததையும், முதலில் தமக்கு அது உறுத்தியதையும், பின் அது உண்மையே என உணர்ந்ததையும் அவர் 1965இல் ஓர் உரையில் நினைவுகூர்ந்தார். அய்யன்காளியின் வண்டி ஓடிய நாட்டில் அவர்க்கு அவ்வுணர்வு வாய்த்தது பொருத்தமே.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை இனிமையாக முடியும். ஆனால் 1990களைத் தாண்டிச் செல்ல இயலாது. 1995 ஜூலையில், இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள வீரசிகாமணியில், பேருந்து ஒன்றைச் சூழ்ந்து மூண்ட தகராறு தென் மாவட்டங்கள் எங்கும் சாதிக் கலவரமாகப் பரவியது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழக அரசு புதிய போக்குவரத்துக் கழகமொன்றை அமைத்து, அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது. அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என ஒரு சாரார் எதிர்த்தனர். வன்முறை வெடித்தது, உயிர்கள் போயின.

சுந்தரலிங்கம் யார்? தேவேந்திரகுல வேளாளர் குலத்தில் தோன்றிப் பாஞ்சாலங்குறிச்சிக்காகப் போரிட்ட தளபதி. அவர் வணங்கிய தலைவர் கட்டபொம்மன் பெயரில் நெல்லையில் ஒரு போக்குவரத்துக் கழகமே இருந்தது. தென்காசியிலிருந்தும் குற்றாலத்திலிருந்தும் கட்டபொம்மன் பேருந்துகள் ஆண்டுக்கணக்கில் புறப்பட்டன; ஏற மறுத்தவர் எவருமில்லை. தலைவர் பெயரில் ஏறியவர்க்குத் தளபதி பெயர் உறுத்தியது.

மாண்ட்கமரியில் பேருந்தைப் புறக்கணித்தவர்கள் தம் கால்களை வருத்தினார்கள்; குற்றாலத்தில் நீராட மறுத்தவர் தம் இன்பத்தைத் துறந்தார். 1997இன் மறுப்பு வடிவில் அவற்றை ஒத்திருந்தது. ஆனால் ஒருவர்க்குக் கிடைத்த பெருமையைப் பறிப்பதற்கென்றே எழுந்தது. புறக்கணிப்பு என்னும் கருவியைப் புகழ்வோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுதல் கூடாது. அரசு கண்ட தீர்வும் சிந்தனைக்குரியது. 1997 ஜூலையில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்கள் பெயர்கள் நீக்கப்பட்டன. அமைதி திரும்பிற்று எனலாம். பெயரை மறுத்தவர்கள் கேட்டதும் அதுவே என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமாயிற்று. 2019இல் அதிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது. தென்காசி நிலையத்திலிருந்து செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் அரசுப் பேருந்துகள் புறப்படுகின்றன. அவற்றின் பக்கவாட்டில் கட்டபொம்மன் பெயரும் இல்லை. சுந்தரலிங்கம் பெயரும் இல்லை.