தொழிலாளர் பாதுகாப்பு உடையும் சலவையும்

பாதுகாப்பு உடை என்பது தூசி, எண்ணெய், அமிலம், நெருப்பு போன்றவற்றோடு வேலை செய்வோரின் உடலைக் காக்க அணியப்படுவது ஆகும். அதன் வரலாற்றைத் துணி, தையல், தலைக்கவசம் ஆகியவற்றின் வளர்ச்சியாகவே பெரும்பாலும் எழுதுவர். அழுக்கான உடையை யார், எங்கே துவைப்பது என்ற கேள்விக்கும் அதில் இடமுண்டு. அதற்குச் சட்டத்தில் தெளிவான விடை கிடைக்கும் முன் பல உயிர்கள் போயின.

புகைபோக்கிச் சிறுவர்கள்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீடுகளில் நிலக்கரி எரிக்கப்பட்டது. குறுகலும் வளைவுமான புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்ட ஏழைச் சிறுவர்கள் அனுப்பப்பட்டனர். தொளதொளத்த பழைய துணியோடு ஏறினர். இடம் போதாதபோது துணியே இல்லாமலும் ஏறினர். பகலில் கரி அள்ளிய சாக்கே இரவில் போர்வையானது.

லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், இத்தொழில் செய்வோருக்கு விரைப்பையில் வரும் புண் பால்வினை நோய் அன்று, தோல் மடிப்புகளில் தங்கும் புகைக்கரியால் வரும் நோய் என்று 1775இல் எழுதினார். ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் இணைத்துக் காட்டிய தொடக்கக் குறிப்பு இதுவே. 8 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1788இல் சட்டம் வந்தது. அதை மதித்தவர் குறைவு. சிறுவர் ஏறுவது உண்மையில் நின்றது 1875ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான்.

1892இல் ஹென்றி பட்லின் என்ற அறுவை மருத்துவர் வேறொரு கேள்வி எழுப்பினார். ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் அதே தொழில் உண்டு. இந்நோய் மட்டும் அங்கே ஏன் அரிது? அங்குள்ளோர் உடலோடு ஒட்டிய, கரி புகாத உடை அணிந்தனர். வேலை முடிந்ததும் நாள்தோறும் உடலைக் கழுவினர். மருந்து எதுவும் தேவைப்படவில்லை. பாட் எழுதி 117 ஆண்டுகள் கழித்தே இந்த எளிய ஒப்பீடு செய்யப்பட்டது என்பது வியப்பானது. நிலக்கரித் தாரிலிருந்து பென்சோபைரீன் என்ற புற்றுநோய் வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது 1930களில்தான்.

எண்ணெயில் ஊறிய துணி

லங்காஷயர் பருத்தி ஆலைகளில் 'மியூல்' என்ற நூற்பு இயந்திரத்தின் கதிர்களிலிருந்து கனிம எண்ணெய் தெறித்தது. குனிந்து வேலை செய்தவர்களின் கால்சட்டை அந்த எண்ணெயில் ஊறியது; நாள் முழுவதும் அதே துணி தோலை உரசிக்கொண்டிருந்தது. புகைபோக்கித் தொழிலாளரின் நோய் இவர்களுக்கும் வந்ததை மான்செஸ்டர் மருத்துவர்கள் 1922இல் வெளியிட்டனர். உடலை மூடிய துணியே இங்கு நஞ்சைத் தேக்கி வைத்தது. மூடிக்கொண்டால் போதும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த தூசி

கல்நார் ஆலைத் தொழிலாளர்கள் வேலை உடையோடே வீடு திரும்பினர். மனைவியர் அதை உதறித் துவைத்தனர். கல்நாரின் நுண்ணிழைகள் கண்ணுக்குத் தெரியாதவை. உதறும்போது காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே போகும். நுரையீரல் உறையிலும் வயிற்றறை உறையிலும் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயை லண்டனில் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் ஆகியோர் ஆராய்ந்து 1965இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளிகளில் 9 பேர் ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். கல்நார்த் தொழிலாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். பெரும்பாலும் அந்த உடைகளைத் துவைத்தவர்கள். சம்பளப் பட்டியலில் இவர்கள் பெயர் இருந்ததில்லை.

சட்டத்தில் சலவை

பிரிட்டனில் 1969ஆம் ஆண்டுக் கல்நார் விதிகள் பாதுகாப்பு உடை தருவதோடு அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பையும் முதலாளிமேல் வைத்தன. அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு ஈயத் தொழில் விதி மேலும் நுணுக்கமானது. தூய உடையை வாரந்தோறும், ஈயத்தூசி மிகுந்த இடங்களில் நாள்தோறும் முதலாளி தர வேண்டும். உடையை உதறியோ காற்றை ஊதியோ தூசியை நீக்கக் கூடாது. வீட்டு உடைக்கும் வேலை உடைக்கும் தனித்தனி அலமாரி வேண்டும்.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு கழுவும் வசதியைக் கட்டாயமாக்கியது. வேலை நேரத்தில் அணியாத உடையை வைக்கவும், நனைந்த உடையை உலர்த்தவும் இடம் ஒதுக்குமாறு விதி வகுக்க 43ஆம் பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது.

துவைக்கும் முறையும் முக்கியமானது. தீத்தடுப்புப் பூச்சு ஏற்றிய பருத்தி உடையைக் குளோரின் வெளுப்பானில் துவைத்தால் பூச்சு கெடும். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் இழைகளில் படியும் கசடு தீப்பற்றக்கூடியது. உடை பார்வைக்கு வெள்ளையாக, புதிதுபோலவே இருக்கும்.