அரண்மனைக் கத்தியும் கசாப்புக் கத்தியும்

2007இல் வந்த கொரியப் படம் ‘ஷிக்கெக்’. ஹோ யங்-மானின் சித்திரக்கதையை வைத்து ஜியோன் யுன்-சு எடுத்தது. இரண்டு சமையல்காரர்களுக்கிடையே போட்டி, நிறையக் கோமாளித்தனம், அதைவிட நிறையச் சாப்பாடு. நண்பர்களோடு பார்த்தேன், விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகுதான் ஒன்று உறுத்தத் தொடங்கியது. அந்த உறுத்தலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கதை இதுதான். ஜோசன் அரண்மனையின் கடைசித் தலைமைச் சமையல்காரருடைய கத்தி ஜப்பானில் இருக்கிறது. அதைத் திருப்பித்தர ஒரு ஜப்பானியர் முன்வருகிறார். கத்தி யாருக்குச் சேரவேண்டும்? வாரிசைக் கண்டுபிடிக்கத்தான் போட்டி. ஒரு பக்கம் பெரிய உணவகத்தை நடத்தும் போங்-ஜு. மறுபக்கம் அங்கிருந்து அவமானப்பட்டு வெளியேறி, கிராமத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சோங்-சான். நாடிழந்த மன்னர் சுன்ஜோங்கைக் கண்கலங்க வைத்த உணவை முடிவில் சமைத்துக் காட்டவேண்டும். சோங்-சான் வைப்பது யுக்கெஜாங்: சாதாரண ஜனங்கள் குடிக்கிற காரமான மாட்டிறைச்சிச் சூப். அதற்குப் படமே பொழிப்புரையும் சொல்லிவிடுகிறது. வாழ்நாளெல்லாம் உழுத மாடுதான் மக்கள்; மிளகாய் எண்ணெயின் காரம்தான் கொரியரின் வீரியம். ஆக, சூப்பு தேசமாகிவிடுகிறது.

முதலில் மிளகாய். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. கொரியாவில் அதைப் பற்றிய பழைய குறிப்பு 1614இல் யி சு-க்வாங் எழுதிய ‘ஜிபோங் யுசொல்’ நூலில் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்ததால் அதை ஜனங்கள் ‘ஜப்பான் கடுகு’ என்று அழைத்தார்கள் என்கிறார் அவர். எந்த ஜப்பானுக்கு எதிராக இந்தக் காரம் நிறுத்தப்படுகிறதோ அந்த ஜப்பான் வழியாக வந்த காரம்! சூப்பின் பெயரும் அப்படித்தான். கெஜாங் என்பது நாய்க்கறிச் சூப்பு. நாய்க்கறிக்குப் பதிலாக மாட்டுக்கறியைப் போட்டால் யுக்கெஜாங். தூய தேசிய உணவு என்று எதுவும் இல்லை. அப்படியொன்று இருந்ததாகச் சொல்லும் கதையாடல்தான் இருக்கிறது.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் மாடு. படத்தில் சோங்-சான் தான் வளர்த்த மாட்டையே போட்டிக்காகக் கொல்லக் கொடுக்கிறான். நாமும் அழுகிறோம். மாட்டுக்காக அழலாம், தப்பில்லை. ஆனால் அறுக்கிறவருடைய வரலாறு இந்தப் பிரதியில் எங்கே?

ஜோசன் காலத்தில் மாடறுத்தவர்கள் பெக்ஜோங் என்ற சாதியார். பிறப்பால் இழிவு. குடியிருப்பு தனி, மற்றவர் அணிந்த தொப்பியை அணியக்கூடாது, அடுத்தவர் வீட்டுச் சின்னப் பிள்ளையிடமும் பணிவாகத்தான் பேசணும். 1894 சீர்திருத்தம் சட்டப்படி இதையெல்லாம் ஒழித்தது. காகிதத்தில் ஒழிந்ததே தவிர, குடும்பப் பதிவேட்டில் குறி நின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு சாத்தியே கிடந்தது.

1923 ஏப்ரலில் ஜிஞ்ஜு நகரில் அவர்கள் ஹ்யோங்பியோங்சா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ‘ஹ்யோங்’ என்றால் தராசுக்கோல், ‘பியோங்’ என்றால் சமநிலை. கசாப்புக் கடையில் தினமும் தூக்கிப்பிடித்த தராசையே சமத்துவத்தின் பெயராக்கிவிட்டார்கள். ஊர் சும்மா இருக்குமா? எதிர்ப்பாளர்கள் திரண்டு, மாட்டிறைச்சியே வாங்கமாட்டோம் என்று பகிஷ்கரித்தார்கள். 1925இல் யெச்சோனில் கூட்டம் கூடித் தாக்கியது. தாக்கியவர்களும் அதே ஏகாதிபத்தியத்தின் கீழ் நசுங்கிக்கிடந்த கொரியர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். ‘மாடுதான் மக்கள்’ என்று படம் சொல்கிறபோது அந்த ‘மக்களுக்குள்’ யார் இருக்கிறார்கள், யார் இல்லை?

இன்னொன்று. ஜப்பானில் புராக்குமின் என்ற ஒடுக்கப்பட்டவர்கள் 1922இல் சுயிஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். தோல், இறைச்சி வேலைகளோடு சேர்த்து இழிவுபடுத்தப்பட்டவர்கள் அவர்களும். இரண்டு அமைப்புகளும் தொடர்பு வைத்துக்கொண்டன. வாழ்த்துச் செய்திகள் போய்வந்தன. ஆண்ட நாட்டில் ஒதுக்கப்பட்டவரும் ஆளப்பட்ட நாட்டில் ஒதுக்கப்பட்டவரும் கைநீட்டிக்கொண்ட தருணம் அது. படத்திலும் கொரியாவும் ஜப்பானும் சமாதானமாகின்றன. ஆனால் அரண்மனைக் கத்தியை ஒரு கனவான் மரியாதையோடு திருப்பித் தருவதன் மூலம். மேலே இருந்தவர்கள் கைகுலுக்கினால் அது வரலாறு. கீழே இருந்தவர்கள் கைநீட்டினால் அது கதைக்கு வெளியே.

இந்தப் படத்தைப் பார்க்காதீங்க என்று நான் சொல்லவில்லை. சோங்-சான் ஜெயிக்கும்போது நானும்தான் கைதட்டினேன். காலனியம் பறித்ததைத் திரும்பக் கேட்பது நியாயம், சந்தேகமேயில்லை. ஆனால் திரும்பக் கேட்கிற பட்டியலில் அரசனின் கத்தி மட்டும் இருக்கிறது. அரசன் அழுதது கதையாக நிலைத்துவிட்டது. அந்தச் சூப்புக்குக் கறி வெட்டிக் கொடுத்தவரின் பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை என்பது சூப்பில் கரைந்து போச்சு. அடுத்த தடவை யாராவது நம்முன் ஒரு கிண்ணத்தை வைத்து ‘இதுதான் நம் மரபு’ என்றால், ருசித்துவிட்டுக் கேட்போம்: இதை அறுத்தது யார், அவரை உங்கள் பந்தியில் உட்காரவைத்தீர்களா?